என்னை வேண்டாம் என்றவர்

எனக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அப்பா எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார். அவர் மனதில் வைத்திருந்தது மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரை. சைவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமான பின் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த வாரமே அவருடைய மனைவியை அவள் அண்ணன் அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போய்விட்டான். நாலு வருஷமாக வாத்தியார் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

மதம் மாறியதால் மனைவி சேர்ந்து வாழ மறுத்தால், கோர்ட்டில் மனுப்போட்டு விலகி வேறு கல்யாணம் செய்துகொள்ள அப்போது சட்டம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா அவரை வீட்டுக்கு அழைத்து வந்து அதைச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எம் பொண்ணையே தாரேன் வாத்தியாரே. ஒரு மனுப் போட்டா முடிஞ்சிரும்."

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "கோர்ட்டு விட்டுரும் ஐயா. விபசாரம் பண்ணாதேங்குற ஏழாம் கற்பனை விடாதுல்லா. அவ உசுரோட இருக்கையில இன்னொருத்தியக் கட்டினா அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"விட்டுட்டுப் போனது அவதான வே?"

"அவ போவல. கூட்டிட்டுப் போயிட்டாங்க. சேந்து வாழ மனசிருக்கவளத் தள்ளக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. அவ மனசு என்னன்னு யாரு கேட்டா?"

எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். நாளாக ஆக, இப்படி ஒருவர் காத்திருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்ற எண்ணமே வந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாவிடம் அடம்பிடித்து, இரண்டு பேருமாக ரயிலேறினோம்.

அம்பாசமுத்திரத்தில் விசாரித்து, ஆற்றுத் துறையில் அவளைக் கண்டோம். சேலை அலசிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலி. வாத்தியார் ஊரிலிருந்து வருகிறோம் என்றதும் கை நின்றது.

"அவருதான் வேற கல்யாணம் பண்ணிட்டாராமே. அண்ணன் சொன்னான்."

"இல்லக்கா. அதுக்குப் பேசின பொண்ணே நாந்தான். வேண்டாம்னுட்டாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு காயிதங்கூடப் போடலியே."

"மாசா மாசம் எழுதுதாரு. பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும்."

அவள் பிழிந்த சேலையையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

எட்டாம் நாள் ஒரு துணி மூட்டையோடு தனியாக வந்து இறங்கினாள். அண்ணனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் அவளை ஞானஸ்நானம் பெறச் சொல்லுங்கள் என்று சபையில் சிலர் வாத்தியாரை நெருக்கினார்கள். "அவ எங்கிட்ட வந்திருக்கா. சபைக்கு வரணும்னு தோணினா அவளே வருவா" என்று முடித்துவிட்டார். நான் அறிந்தவரை அவள் வரவில்லை. அவர் ஞாயிறு தவறாமல் எங்கள் வேதக்கோயிலுக்கு வந்தார். அவள் வெள்ளிதோறும் தன் கோயிலுக்குப் போனாள். ஒரு சுடுசொல் அந்த வீட்டிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அதுவரை ஏழாம் கற்பனையைப் போதிக்கும்போதெல்லாம் அப்பா பெண்கள் பக்கமே பார்த்துப் பேசுவார். அந்த வருஷத்துக்குப் பிறகு ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி நின்று பேசத் தொடங்கினார்.