ஐம்பத்தொன்றாகிப் போன ஐம்பத்திரண்டு

நூலகத்தில் எடுக்கிற துப்பறியும் கதைகளில் ஒரு தொல்லை உண்டு. நமக்கு முன்னால் படித்த புண்ணியவான் யாராவது முப்பதாம் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் அம்புக்குறி போட்டு, "இவன்தான் கொலைகாரன்" என்று எழுதி வைத்திருப்பார். அப்புறம் படிக்கிறவருக்கு என்ன மிச்சம்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த துப்பக்காவின் கைப்பையில் இதற்காகவே ஒரு ரப்பர் இருந்தது. தனக்குக் கதை கெட்டுப்போன பிறகும், அடுத்து எடுக்கப்போகிறவருக்காக அந்த எழுத்தைத் தாள் கிழியாமல், தடம் தெரியாமல் ஊதி ஊதி அழிப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாது ஒருநாள் பார்த்துவிட்டதால் விஷயம் வெளியே வந்தது.

துப்பக்காவைப் போலவே சாது என்பதும் கூடத்தில் வைத்த பெயர்தான். நாற்பத்தைந்து வயது. யார் ஏசினாலும் ஒரு சிரிப்போடு போய்விடுவாள், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவள் எண்ணம். அவளும் துப்பக்காவும் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிற ஜோடி. விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. இரண்டு முனையை இவள் பிடிக்க, இரண்டு முனையை அவள் பிடிக்க, உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிரும் புதிருமாக அப்படி நடந்து வரும்போதெல்லாம் துப்பக்கா தான் படித்த கதையைத் துண்டு துண்டாகச் சொல்வாள். விரிப்பு விரியும்போது பிணம் விழும். மடியும்போது போலீஸ் வரும். சாதுவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் காதில் விழுந்த கதை ஒன்றையும் மறக்கமாட்டாள்.

அவள் வேலையின் கடைசி வருஷம் பிறந்தபோதுதான் துப்பக்கா சபதம் போட்டாள். வாரம் ஒன்று, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு துப்பறியும் நாவல். வருஷக் கடைசியில் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. அதற்குள் முடிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தைத் திறக்கும் முன் கொலைகாரன் யாரென்று ஒரு சீட்டில் எழுதிச் சாதுவிடம் கொடுத்துவிட வேண்டும், இது அவளே போட்டுக்கொண்ட விதி. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தை முடித்தால் கணக்கில் சேர்த்தி.

சபதத்துக்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இவ பள்ளிக்கூடத்தை முடிக்கல, தையல் வகுப்பை முடிக்கல, எனக்காகப் பின்ன ஆரம்பிச்ச ஸ்வெட்டருக்கு இன்னும் ஒரு கை வரல. இவ ஆரம்பிச்சதுல முடிஞ்சது என் நிம்மதி ஒண்ணுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். துப்பக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சாதுவிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்: "அவர் சொல்றது பொய் இல்ல சாது. அதான் உறுத்துது. சாகறதுக்குள்ள ஒண்ணையாவது கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்க்கணும்."

வருஷம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஐம்பத்திரண்டாவது முடிந்தது. அடுத்த நாள் காலையில் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"ராத்திரி அவர்கிட்ட சொல்லிட்டேன். கேளு, இந்தக் கதையில இருபதாம் பக்கத்துலயே ஆளைப் பிடிச்சுட்டேன். படிச்சுப் படிச்சு மூளை எவ்வளவு கூர்மையாயிடுச்சு பாரு."

விரிப்பை உதறினார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி குளியல் தொட்டியில் செத்துக் கிடந்தார். முனை சேர்த்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மறுபடி மடித்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஒருத்தன் வருகிறான்.

சாதுவின் கை நின்றுவிட்டது. அந்தச் சாவிக்காரன்தான் கொலைகாரன். இதே வருஷ மழைக்காலத்தில், ஈர விரிப்புகள் காயாமல் கிடந்த வாரத்தில், இதே கதையை இதே இடத்தில் அக்கா சொல்லியிருக்கிறாள். பதிப்பகத்தார் கதையின் பெயரையும் அட்டையையும் மாற்றி மறுபடி போட்டிருக்கிறார்கள். அப்போது அட்டையில் கத்தி இருந்தது, இப்போது ஒரு பெண்ணின் முகம். இருபதாம் பக்கத்தில் ஆளைப் பிடித்தது மூளை இல்லை, ஞாபகம்.

சாது அன்று மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. "கடவுளே, இதை ஏன் என் காதுல போட்டே" என்று தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே வேண்டினாள். எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை தப்பியதும் எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அப்ப ஐம்பத்தொண்ணு."

"ஆமாக்கா."

"உனக்கு இவ்வளவு ஞாபகம் எதுக்குடி? வேற ஒருத்திகூட மடிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

நூலகத்தில் புத்தகங்களைச் சரிபார்க்கிறார்கள், புது வருஷத்துக்குத்தான் திறப்பார்கள். கையில் இருப்பது ஒன்றரை நாள். துப்பக்கா இஸ்திரி இயந்திரத்துப் பக்கம் போய்விட்டாள்.

எந்த வம்புக்கும் போகாத சாது அன்று துவைத்த விரிப்புகளைத் தானே தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறினாள். படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஆண்கள் வார்டில் காலில் மாவுக்கட்டோடு ஒரு லாரி டிரைவர் நாவல் படித்துக்கொண்டிருந்தார். அட்டையில் ரத்தம் சொட்டியது. சாதுவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷம் வந்தது.

"அண்ணா, அந்தப் புத்தகம் ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

"பாதியில இருக்கேம்மா. பாதிச் சோத்துல இலையை எடுப்பாங்களா?" அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. முடிச்சுத் தரேன்."

ஐந்து மணிக்குப் போனால் மனிதருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "யாருன்னு சொல்லட்டுமா? ஒரே ஒரு எழுத்து?" சாது புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி படியிறங்கி வந்து அதை அக்காவிடம் கொடுத்தாள்.

அடுத்த நாள், அக்காவின் கடைசி நாள். வந்ததும் வராததுமாக முதல் கொலையை, விரிப்பு மடிக்காமலே சொன்னாள். "கப்பல் அறையில ஒரு வியாபாரி செத்துக் கிடக்கான். இதை உனக்கு எப்பவாவது சொல்லியிருக்கேனா? நல்லா யோசி."

சாது நன்றாக யோசித்தாள். "இல்லக்கா. இது புதுசு."

"ராத்திரி அவர்கிட்ட இன்னும் முடியலன்னு சொன்னேன். 'எனக்குத் தெரியுமே'ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதும், படிச்சே தீரணும்."

அக்காவின் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். அவள் அழுக்குத்துணி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து, இரண்டு தடவையும் கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். நான்கு மணிக்குப் பிரிவுபசாரக் கூட்டம். தேநீர் வந்துவிட்டது, நாற்காலி போட்டாகிவிட்டது, கடைசி அத்தியாயம் பாக்கி. அக்கா அவசரமாகச் சீட்டெழுதிச் சாதுவின் கையில் திணித்தாள்.

"அக்கா, உங்களைப் பத்திப் பேசத்தான் எல்லாரும் வந்திருக்கோம்" என்றார் மேற்பார்வையாளர்.

"பேசுங்க சார். காது சும்மாதான் இருக்கு."

அவர் அக்காவின் உழைப்பைப் பற்றிப் பேசினார், அக்கா பக்கம் புரட்டினாள். யாரும் பேச்சைக் கேட்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கம் வந்தது. புத்தகத்தை மடியில் மூடி வைத்து, நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்தவள் தலை தூக்கின மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"யாருக்கா?" என்றாள் சாது.

"கப்பல் டாக்டர்."

சாது சீட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டினாள். சமையல்காரன் என்றிருந்தது. கூடமே சிரித்தது. "அந்தச் சமையல்காரன்கிட்ட நான் மன்னிப்பு கேட்கணும்" என்று சொல்லி அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாதுவுக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. மனசுக்குள் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டாள். புத்தகத்தை மாடிக்குக் கொண்டுபோய் டிரைவரிடம் கொடுத்தபோது, "முடிச்சாங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

வேலை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அடுத்த வாரமே அக்கா கணவரோடு மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனாள். அதன்பிறகு சாது அவளைப் பார்க்கவில்லை. அன்று பஸ் வந்து நின்றதும் அக்கா ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினாள்.

"நீ சொன்னப்ப உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு சாது. இன்னிக்கு அவர் முகத்தை நேராப் பார்த்து, முடிச்சுட்டேன்னு சொல்வேன். நாக்கு தடுமாறாது. அது போதும் எனக்கு. வரேன்."