பால்காரம்மாவின் காது

பால் ஊற்றும் ஒரு பெண்ணைக் கொலைகாரியாக்கியவன் நான்.

தன் கிராமத்தையே எழுதி, கடைசிவரை அந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் போன அயர்லாந்து எழுத்தாளர் ஒருவரின் நாவலை மொழிபெயர்த்தேன். கணவனுக்கு விஷம் வைக்கும் நாயகி நம்மூர்க்காரியாகத் தெரியட்டும் என்று, எங்கள் ராஜபாளையம் தெருப் பால்காரம்மாவின் கிழிந்த காதையும், வாசலில் நின்று கேன் மூடியைத் தட்டும் பழக்கத்தையும் அவளுக்குக் கொடுத்தேன். பால்காரம்மாவின் கணவர் அப்போதுதான் இறந்திருந்தார். புத்தகம் வந்ததும் தெருவே அந்தம்மாவிடம் பால் வாங்கப் பயந்தது.

“நா வெசம் வச்சேன்னு எழுதிருக்கியளாமே, சார்?”

“அது அயர்லாந்துக் கதைம்மா.”

“அப்பொ எங்காது எப்பிடி அங்க போச்சு?”

மறுநாள் தெருவார் பார்க்க அவரிடம் பால் வாங்கிக் குடிக்கப் போனேன். டம்ளர் உதட்டருகே வந்ததும் எனக்கே பயம் வந்து, கை நடுங்கிவிட்டது. முழுவதையும் குடித்தேன், ஆனால் அவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

அதன்பின் எங்கள் தெருவில் மூடி தட்டும் சத்தம் கேட்கவில்லை.