தொண்ணூறோடு நின்றுவிடும் ரேடியோ

என் வயதில் மற்றவர்கள் கொழுப்புக்கு மாத்திரை வாங்கினார்கள். நான் கார் வாங்கினேன். மாத்திரை பிறகு வாங்கினேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். விளக்கைப் போட்டால் முன்பக்கத்திலிருந்து இரண்டு கண்கள் எழும்பி வரும். வலது கண் கொஞ்சம் தாமதமாக எழும்பும் என்பதால் எதிரே வருகிற பெண்களைப் பார்த்து வண்டி கண்ணடிப்பதாக என் மனைவி சொல்வாள். தரையோடு தரையாக இருக்கிற வண்டி. இறங்கும்போது முதலில் கதவைப் பிடித்து, அப்புறம் முழங்காலைப் பிடித்து, கடைசியில் முருகனைப் பிடித்துத்தான் எழ வேண்டும். ஆனாலும் இறங்கியதும் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் நான் அதை விட்டு நடந்ததே இல்லை. அப்படி ஓர் அழகு.

அதற்கு ஒரே ஒரு குறை. ஜப்பான் தன் நாட்டுக்காரர்களுக்காகச் செய்த வண்டி அது. அவர்களுடைய எஃப்எம் ரேடியோ அந்தக் காலத்தில் தொண்ணூறோடு முடிந்துவிடும். நம் ஊர் நிலையங்களோ பெரும்பாலும் தொண்ணூறுக்கு மேலேதான் ஆரம்பிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் எண்கள் ஏறும், ஏறும், தொண்ணூறைத் தொட்டதும் மறுபடி எழுபத்தாறுக்கு ஓடிப்போய்விடும். யாராவது கேட்டால், “இந்த வண்டிக்கு இஞ்சின் சத்தமே சங்கீதம்” என்று அலட்டிக்கொள்வேன். பல வருடம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

பிறகு என் மகள் ரேடியோவுக்குப் போனாள்.

விடியும் முன்னே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மலேசிய ஜொகூர் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. வார நாட்களில் ஓர் அலுவலகம். போன வருடம் அங்கே ஒரு தமிழ் வானொலியில் வாரக்கடைசிக்குக் குரல் தேடினார்கள் என்று எங்களிடம் சொல்லாமலே போய்ப் பேசிக் காட்டி, தேறிவிட்டாள். வீட்டில் வாயைத் திறந்தால் “பசிக்குது லா”, “தூக்கம் வருது லா” என்று இந்த ஊர் லா ஒட்டிய இரண்டு சொல்லைத் தாண்டி அவள் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை வானொலியில் என்ன பேசும் என்று எனக்குப் பெரிய சந்தேகம். முதல் நிகழ்ச்சி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

“கேட்கலாம்ப்பா. ஆனா உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டு ஜோக் அடிக்கக்கூடாது” என்றாள்.

அவளுடைய அம்மா காலண்டரைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதே சனிக்கிழமை காலையில் வடக்கே இருக்கிற சாஆ ஊரில் மனைவியின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். இவள் அத்தை, முதல் சீர்த்தட்டை இவள்தான் தூக்க வேண்டும். நிகழ்ச்சி நேரத்தில் நாங்கள் நெடுஞ்சாலையில் இருப்போம். மனைவியின் சின்னக் கார் கியர் பெட்டி போய்ப் பட்டறையில் கிடந்தது. ஆக, தொண்ணூறைத் தாண்டாத வண்டியில்தான் பயணம்.

கைப்பேசியில் கேட்கலாமே என்று அந்த நிலையத்தின் செயலியை இறக்கிப் பார்த்தேன். இந்தச் சேவை உங்கள் நாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டது. என் மகள் தினமும் கடக்கிற பாலத்தை அந்தச் செயலிக்குக் கடக்கத் தெரியவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது காற்றலை ஒன்றுதான்.

“எனக்கு அவ முதல் வார்த்தைய கேட்கணும்” என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். அவள் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வாள்.

புது ரேடியோ வாங்குவது பெரிய வேலை இல்லை. என்னைத் தவிர மற்றவர்களுக்கு. பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்டேன். திரை உள்ளதை வாங்கு என்றார் ஒருவர். திரை வைத்தால் வண்டியின் மானம் போய்விடும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எனக்குப் பதில் சொல்லாமல் தன் வண்டியின் படத்தைப் போட்டார். இரண்டு நாள் தூக்கத்தில் எல்லாம் ரேடியோவாக வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எடுத்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, தெப்ராவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கார் துணைப்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் சீனர். நாங்கள் முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்போம், அவர் என்னை அண்ணே என்பார், மற்றதெல்லாம் மலாயில். சுவர் முழுக்க ரேடியோக்கள். நடுவில் ஒன்று, தாம்பாளம் அளவுக்குத் திரை. அதில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு மஞ்சள் மீன் என்னை நேராகப் பார்த்தது. அதற்கப்புறம் தவுக்கே சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இது இரட்டை உயர செட், உன் வண்டியில் இருப்பது ஒற்றை உயர ஓட்டை என்று அவர் கையால் அளந்து காட்டியிருக்கிறார். நான் மீனைப் பார்த்தபடி தலையாட்டியிருக்கிறேன். மனைவி காரிலேயே, குளிர்சாதனத்தில், உட்கார்ந்திருந்தாள்.

விலை சொன்னார். நான் உடனே, இந்த ஊரில் பிறந்த எவனும் சொல்வதைத்தான் சொன்னேன்.

“பொத்தோங் சிக்கிட் லா, தவுக்கே.”

பொத்தோங் என்றால் மலாயில் வெட்டு. கடை வாசலில் அதற்கு அர்த்தம், விலையைக் கொஞ்சம் குறை. தவுக்கே என்னைப் பார்த்தார். வெளியே நின்ற காரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து, கொஞ்சம்தான், செய்யலாம் என்றார். இவ்வளவு சுலபமாக விலை இறங்கி நான் பார்த்ததே இல்லை. பேரம் பேசுவதில் எனக்கு இருக்கும் திறமையை நானே மெச்சிக்கொண்டு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து தே தாரேக் சொன்னேன்.

ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தேநீர் வந்து முதல் மடக்குக் குடிப்பதற்குள் கைப்பேசி அடித்தது. மனைவி.

“ஏங்க, தவுக்கேகிட்ட பொத்தோங் பண்ணச் சொன்னீங்களா?”

“ஆமா” என்றேன் பெருமையாக. “எவ்வளவு பண்றாராம்?”

“ரெண்டு இன்ச்.”

அவள் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். “இன்னும் கொஞ்சம் பண்ணச் சொல்லு. விடாத.”

தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பழுதான பொருளைத் தனியே எடுத்து வைக்கும்போது எப்படிப் பேசுவாளோ அந்தக் குரலில் கேட்டாள்:

“எதைன்னு கேட்டீங்களா?”

அப்போதுதான் கைப்பேசிக்குப் பின்னால் ஒரு வெட்டும் இயந்திரம் சோதனைக்காக ஒருமுறை உறுமி அடங்கியது.

நான் ஓடினேன். என் உடம்பு ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அந்த வரிசைக் கடைகள் அத்தனையும் பார்த்தன. ஒரு செருப்பு எங்கேயோ நின்றுவிட்டது. “ஜாங்கான் பொத்தோங், ஜாங்கான் பொத்தோங்”, வெட்டாதே வெட்டாதே என்று கத்திக்கொண்டே ஓடியதால், யாரோ யாரையோ வெட்டுகிறார்கள் என்று எதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பழைய ரேடியோ கழற்றப்பட்டு, வண்டியின் டாஷ்போர்டில் சின்ன ஓட்டை. அதற்குக் கீழே வெள்ளைப் பேனாவால் கோடு. அந்தக் கோட்டின் மேல் என் மனைவியின் உள்ளங்கை. அழுத்தவில்லை, கத்தவில்லை, தூங்குகிற குழந்தையின் முதுகில் வைப்பது போல வைத்திருந்தாள். வெட்டும் இயந்திரத்தோடு தவுக்கே மரியாதையாகக் காத்திருந்தார். நான் மூச்சு வாங்கியபடி மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஏதோ சொன்னேன். எந்த மொழிக்காரருக்கும் புரிந்திருக்காது.

அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். கோடு போட வந்தவரிடம் “பொத்தோங் ஆப்பா?” என்று கேட்டிருக்கிறாள். எதை வெட்ட என்று அர்த்தம். அந்த நேரத்தில் தவுக்கே அதைத் தமிழாகக் கேட்டு, அப்பாவை வெட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தகும்தான். முப்பது வருடமாக இந்த ஊர்க் கடைகளில் பேரம் பேசுகிற எனக்கு அந்த இரண்டு சொல் தோன்றவில்லை.

நடந்தது புரிந்ததும் தவுக்கே சிரித்த சிரிப்பில் இயந்திரத்தைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. மூன்றே விஷயம் கேட்டாள். இந்த ஓட்டையில் நுழைய வேண்டும். எதையும் வெட்டக்கூடாது. தொண்ணூறைத் தாண்ட வேண்டும். இரண்டு இரவு நான் புரண்டு புரண்டு யோசித்த விஷயம் அவள் வாயில் மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

தவுக்கே பின்பக்கம் போய் ஒரு பெட்டியை ஊதிக்கொண்டே எடுத்து வந்தார். விற்காமல் தங்கிப்போன பழைய சரக்கு. இந்த நாட்டுக்காகவே செய்தது. திரை கிடையாது, மீன் கிடையாது. கறுப்பு முகம், பச்சை எண்கள், பக்கத்தில் விரலுக்கு அடக்கமான ஒரு திருகு. பொருத்தியதும் ஓட்டை மூடிக்கொண்டது. வண்டி பிறந்ததிலிருந்தே அதோடு இருந்தது போல இருந்தது. மனைவி திருகைத் திருப்பினாள். எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. தொண்ணூறு. நான் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்று.

அப்படியே ஏறி, தொண்ணூற்றைந்தையும் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குரல் ஏதோ விளம்பரம் சொன்னது. “இது போதும்” என்றாள். தவுக்கே தன் சட்டை நுனியால் வெள்ளைக் கோட்டைத் துடைத்தபடி, அண்ணே, பொத்தோங் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டு முழுத்தொகையும் கொடுத்தேன். ஜொகூரில் கழிவு வேண்டாம் என்று கெஞ்சிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை பட்டுப்புடவையை மடித்து மடித்து, தரையோடு இருக்கிற அந்த இருக்கைக்குள் அவள் இறங்கிய நேர்த்தியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மடியில் பழத்தட்டு. மகள் விடியும் முன்பே பாலத்துக்குப் போயிருந்தாள்.

சிங்கப்பூர் நிலையங்கள் வடக்கே போகப் போகத் தேயும் என்பது இங்கே வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். கூலாய் வரை பளிச்சென்று இருக்கும். சிம்பாங் ரெங்கம் தாண்டினால் இரைச்சல். யோங் பெங்கில் எதுவும் இருக்காது. நான் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். ஒன்பதுக்கு ஆரம்பித்த உடனே மகள் பேசுவாள், அப்போது நாங்கள் அலைக்குள் இருப்போம். ஆனால் ஒன்பதுக்கு ஒரு பாட்டு போட்டார்கள். பிறகு விளம்பரம். பிறகு முதன்மை அறிவிப்பாளர் ஒரு மருத்துவரைப் பேட்டி எடுத்தார். முதுகுவலி பற்றி. இன்னொரு நாளாக இருந்தால் குறிப்பெடுத்திருப்பேன். புதிய குரல் ஒன்று விரைவில் உங்களோடு என்று மட்டும் சொன்னார்கள். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. செம்பனை மரங்கள் நெருங்க நெருங்க, மருத்துவரின் முதுகெலும்பில் மெல்ல மணல் கொட்ட ஆரம்பித்தது.

நான் திருகை நகர்த்தினேன். தலையைச் சாய்த்தேன். எனக்கும் ஆண்டெனாவுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பது போலக் கையைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஜோக் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

“திருப்புங்க” என்றாள்.

“எதை?”

“வண்டிய.”

எங்கள் குடும்பத்தில் நல்ல நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தியவர்களோடு ஐந்து வருடம் பேசாமல் இருந்தவள் அவள். அத்தை வராமல் அங்கே தட்டு எழும்பாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த டோலில் இறங்கி, சுற்றி ஏறி, சாஆவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பறந்தோம். அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அன்றைக்குத்தான் செய்தது. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

அவளுடைய அண்ணன் கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

“வந்துக்கிட்டே இருக்கோம்ணே” என்றாள், மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டரில் எதிர்த்திசையில் போய்க்கொண்டே. “கொஞ்சம் நேரம் ஆகும். வைங்க, செய்தி வருது.”

அண்ணனிடம் அவள் இதற்கு முன் போனை வைக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அப்போது வந்தது. “வணக்கம் நேயர்களே” என்று ஒரு குரல். எங்கள் வீட்டில் எந்த அறையிலும் அந்தக் குரல் பேசியதில்லை. அவசரமில்லை, லாவும் இல்லை. வீட்டில் ஜாம் என்று சலித்துக்கொள்கிறவள், பாலத்தில் ஜொகூர் நோக்கிச் செல்லும் வழித்தடத்தில் கடுமையான போக்குவரத்து நெரிசல் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய இடம் கொடுத்துச் சொன்னாள். ழகரம் நாக்கை மடித்து அப்படியே வந்தது. அதை அவள் எப்போது கற்றாள், எங்கே பழகினாள், ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியாது. பேருந்தில் நின்றபடி வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மனைவி பழத்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்து வானிலை. காலை வேளையில் இடியுடன் கூடிய மழையை எதிர்பார்க்கலாம் என்றாள் மகள். எங்கள் தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. மேகம் என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை.

“மழை வருமாம்” என்றாள் மனைவி, வானத்தைப் பார்க்காமலே. “கூரை நல்லா பூட்டியிருக்கான்னு பாருங்க.”

நான் ஒரு கையை மேலே நீட்டி, கொக்கியை இன்னொரு தடவை அழுத்திவிட்டேன்.