மந்தைப் பாதையின் சமையல்காரர்

பொனிபஸுக்கு மாடு என்றால் பயம். மன்னாரில் பேசாலைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். மீசை அரும்புமுன்பே வள்ளம் ஏறியவர். திருக்கை, சுறா எல்லாம் அவர் கையில் புரண்டிருக்கின்றன. ஆனால் வீதியில் ஒரு பசு எதிரே வந்தால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார். "மீன் எண்டால் தண்ணியை விட்டு வெளியில வந்து துரத்தாது. மாடு அப்பிடியில்லையே" என்பது அவருடைய நியாயம்.

இப்படிப்பட்டவர் மாட்டால் உண்டான ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு விசாதான் காரணம். மனைவி ஞானமலரோடும் மகள் லிண்டாவோடும் மெல்பேர்னுக்கு வந்து ரோவில் என்ற புறநகரில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, தளபாடங்களைக்கூட இன்னும் சரியாக அடுக்கவில்லை. அதற்குள் குடும்பத்தில் ஒருவராவது சில வருடங்கள் பெருநகரத்துக்கு வெளியே வேலை செய்யவேண்டும் என்று தெரியவந்தது. ஞானமலருக்கு மல்கிரேவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. லிண்டாவுக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் இருந்தது பொனிபஸ். யாரகல் என்ற ஊரில் இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆறு மணிநேரப் பஸ் பயணம். போகும் வழியெல்லாம் தட்டையான நிலம். மலையும் இல்லை, மரமும் இல்லை. காற்றில் புல் அசைந்ததைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தூரத்திலிருந்து அது கடல் மாதிரித்தான் தெரிந்தது.

யாரகலில் அவரைத் திகைக்க வைத்தது பெரிய தெரு. ஊரில் இருப்பது மூவாயிரம் சனம். தெருவோ விமானம் இறக்கலாம் போல அகலம். ஒரு பக்கத்துப் பேக்கரியில் நின்று எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் நிற்பவரைக் கூப்பிட்டால் கேட்காது. முதல் கிழமையே ஞானமலருக்கு ரெலிபோனில் சொன்னார்.

"மலர், இஞ்ச றோட்டு மனிசருக்கு இல்லை. மாட்டுக்கு."

"மாட்டுக்கோ?"

"ஓம். வடக்கில இருந்து ஆயிரக்கணக்கில மாட்டை மாதக்கணக்காய் நடத்திக்கொண்டு மெல்பேர்ன் சந்தைக்குப் போவினமாம். இந்த இடத்தில ஒரு தண்ணிக் குட்டை இருந்திருக்கு. மாடு குடிக்க நிண்டது. மாடு நிண்டதால ஆக்களும் நிண்டாங்கள். ஆக்கள் நிண்டதால ஒருத்தன் சாராயக்கடை போட்டான். சாராயக்கடை வந்தால் பிறகென்ன, ஊர்தான்."

"கோயில்?"

"அது பிறகு. முதல் பதினொரு சாராயக்கடை, அதுக்குப் பிறகுதான் கோயில்."

இந்த வரலாறெல்லாம் அவருக்கு டோரீனிடமிருந்து கிடைத்தது. அந்தப் பதினொரு சாராயக்கடைகளில் எஞ்சியிருந்த, சாப்பாடும் தங்க அறையும் உள்ள ஒரே ஹொட்டேலின் சொந்தக்காரி. அறுபதைத் தாண்டிய, உரத்த குரல்காரி. பொனிபஸ் அவருடைய ஹொட்டேலின் மேல்மாடியில்தான் தங்கியிருந்தார். தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கும் வேலை. உயிரோடு ஒரு மாட்டையும் பார்க்கத் தேவையில்லை என்பதால் அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை டோரீனின் சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, பொனிபஸ் குசினிக்குள் இறங்கி இருந்ததை வைத்து ஒரு கோழிக்கறி வைத்தார். அடுத்த வெள்ளி மேசைகள் போதவில்லை. ஒரு மாதத்தில் குளிர் அறைக்குப் பிரியாவிடை சொல்லிவிட்டுக் குசினிக்கே வந்துவிட்டார்.

ரயில் வந்த பிறகு மந்தைகள் குறைந்தன. லொறி வந்த பிறகு அறவே நின்றுபோயின. யாரகல் அதற்குப் பிறகு கோதுமையையும் அரசாங்க அலுவலகங்களையும் நம்பிப் பிழைத்தது. ஆனால் பாதை அழியவில்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரமாக, வேலிகளுக்கு நடுவே, அகலமான புல்வெளியாக அது கிடந்தது. அவர் போய் மூன்றாவது வருடம் கொடிய வறட்சி வந்தது. பண்ணைகளில் ஒரு புல் இல்லை. பாதையோரத்தில் மட்டும் கொஞ்சம் மேய்ச்சல் மிச்சமிருந்தது. அப்போதுதான் மிக் வந்தான்.

மிக் மந்தை ஓட்டுபவன். பரம்பரைத் தொழில். அவன் அம்மாவின் சனம் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். "வெள்ளைக்காரன் பாதை போட்டான் என்று டோரீன் சொல்லியிருப்பாள்" என்று அவன் முதல் நாளே பொனிபஸிடம் சொன்னான். "பாதை ஏற்கெனவே இருந்தது. குட்டையிலிருந்து குட்டைக்கு எங்கள் ஆட்கள் நடந்த வழி. அவர்கள் அதில் மாட்டை விட்டார்கள், அவ்வளவுதான்."

டோரீன் மறுக்கவில்லை. "அதுவும் சரி" என்று சொல்லி அவனுக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

மிக்கிடம் அறுநூறு மாடுகள், மூன்று குதிரைகள், நாலு நாய்கள், இரண்டு உதவியாட்கள். சமையல்காரன் மட்டும் இல்லை. அவன் கையை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். டோரீன் குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இவரைக் கொண்டு போ. ஊரில் இப்போது காசு புழங்கவில்லை, வெள்ளிக்கிழமைக்கும் ஆள் வருவதில்லை. மழை வந்ததும் திருப்பிக் கொண்டுவந்து தா."

"எனக்கு மாடு பயம்" என்றார் பொனிபஸ்.

"நீ மாட்டுக்குச் சமைக்கப் போவதில்லையே" என்றான் மிக்.

அடுத்த நாளே அவர் மந்தையோடு போனார். வேலை உண்மையில் இலகு. மந்தை ஒரே இடத்தில் நின்று மேய்ந்துவிடக்கூடாது, தினமும் பத்துக் கிலோமீற்றராவது நகரவேண்டும் என்பது சட்டம். பொனிபஸ் சமையல் சாமான் ஏற்றிய பழைய லொறியை ஓட்டிக்கொண்டு முன்னால் போய், அடுத்த தங்குமிடத்தில் நெருப்பு மூட்டி, தேத்தண்ணி கொதிக்க வைப்பார். மாடுகள் மெதுவாக மேய்ந்துகொண்டு பின்னேரம் வந்து சேரும். அவை வருவதற்குள் அவர் லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். சாம்பலில் சுடும் கட்டி றொட்டியைத் தின்று பழகிய அந்த மூவரும் அவருடைய தேங்காய்ப்பூ றொட்டியையும் தகரத்தில் அடைத்த ரின்மீன் சம்பலையும் தின்றுவிட்டு மறுபடியும் கோப்பையை நீட்டினார்கள். மந்தைக்காரர்கள் பாராட்டும் முறை அதுதான்.

கருகிய றொட்டி ஓரங்களை அவர் லொறி ஜன்னலால் எறிவது வழக்கம். அதுதான் வினையாக முடிந்தது. முகம் மட்டும் வெள்ளையான ஒரு கிழட்டுப் பசு அந்த ருசியைக் கண்டுபிடித்துவிட்டது. முதலில் எறிந்ததைப் பொறுக்கியது. பிறகு எறியும் இடத்தில் வந்து நின்றது. பிறகு லொறியை விட்டு அகலவேயில்லை. பேசாலையில் பாடல் குழுவை நடத்திய பிலோமினா ரீச்சர் இப்படித்தான் கண்ணிமைக்காமல் பார்ப்பார் என்பதால் பொனிபஸ் அதற்குப் பிலோமினா என்று பெயர் வைத்தார். லொறி புறப்பட்டால் பிலோமினா பின்னால் நடந்தது. பிலோமினா நடந்தால் மற்ற மாடுகளும் நடந்தன. மிக்கின் நாய்களுக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

"உனக்குச் சம்பளம் கூட்டவேண்டும்" என்றான் மிக்.

"அதுக்குக் கூட்டுங்கோ. அதுதான் வேலை செய்யுது" என்றார் பொனிபஸ்.

அந்த வருடம் யாரகலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. வறட்சியில் விழா எதற்கு என்று சிலர் சொன்னார்கள். வறட்சி என்றபடியால்தான் விழா வேண்டும் என்று டோரீன் சொன்னார். ஊரின் வரலாற்றை ஊர்வலமாகக் காட்டத் திட்டம். ஆதிக்குடிகள் முதலில், பிறகு மந்தைக்காரர், கொல்லர், கன்னியாஸ்திரிகள், ரயில்காரர் என்று ஆளாளுக்கு வேடம். பொனிபஸுக்கு ஒதுக்கப்பட்டது அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து, தலைப்பாகை கட்டி, ஒட்டகத்தில் சரக்கு கொண்டுபோனவர் வேடம். டோரீன் தானே தைத்த தலைப்பாகையோடு மந்தைத் தங்குமிடத்துக்கு வந்தார்.

பொனிபஸ் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டோரீன், நான் ஒட்டகத்தைப் படத்திலதான் கண்டிருக்கிறன்."

"அந்தக் காலத்தில் இங்கே வந்து போன..." என்று தொடங்கிய டோரீன் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "நிறம்தான் காரணம் என்று நினைக்கிறாய். உண்மைதான். நான் யோசிக்காமல் செய்துவிட்டேன்."

"பரவாயில்லை. நான் மந்தைச் சமையல்காரனாய் வாறன். அதுக்கு வேடம் கட்டத் தேவையில்லை, ஏப்ரன் இருக்கு."

மிக் நெருப்பைக் கிளறியபடியே சொன்னான்: "சமையல்காரன் வந்தால் லொறி வரும். லொறி வந்தால் மாடு வரும். யோசித்துப் பார்."

டோரீன் யோசித்தார். அறுபது வருடங்களுக்கு மேலாகப் பெரிய தெருவில் ஒரு மந்தையும் கால் வைக்கவில்லை. பொலிசார் சம்மதித்தார்கள். நகரசபை முனகிக்கொண்டு சம்மதித்தது. கால்மணி நேரத்தில் மந்தை தெருவின் ஒரு முனையால் வந்து மறுமுனையால் போய்விடவேண்டும் என்று நிபந்தனை.

விழா நாள் காலை தெருவின் இரு பக்கமும் சனம். மேயர் மேடையில். பாண்ட் வாத்தியக்காரர்கள் தயார். பொனிபஸ் வெள்ளை ஏப்ரன் கட்டி, ஆமை வேகத்தில் லொறியை உருட்டினார். பின்னால் பிலோமினா. அதன் பின்னால் அறுநூறு மாடுகள் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தன. பேக்கரியடிக்கு வந்தபோது அவர் தற்செயலாக இடப்பக்கம் பார்த்தார். அங்கே ஞானமலரும் லிண்டாவும் நின்றார்கள். சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்தும் எண்ணத்தில் இரவோடு இரவாக ரோவிலிலிருந்து புறப்பட்டு வந்திருந்தார்கள். பொனிபஸின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. லொறி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி ஸ்ரார்ட் வரவில்லை.

பிலோமினா ஜன்னலுக்குள் தலையை விட்டது. பின்னால் மந்தை நின்றது. நின்ற மாடுகள் சும்மா நிற்கவில்லை. தெரு நடுவே விழாவுக்கென்று நட்டிருந்த பூஞ்செடிகளை மேய்ந்தன. அலங்காரத்துக்குக் கட்டிய நீர்த்தொட்டியில் குடித்தன. சில அப்படியே படுத்து அசைபோடத் தொடங்கின. மேயரின் பேச்சு மாடுகளின் கத்தலில் அமுங்கிப்போனது.

"இறங்கி வா, அவை எழும்ப நேரமெடுக்கும்" என்று மிக் குதிரையிலிருந்து கத்தினான். அவன் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டான்.

பொனிபஸ் இறங்கினார். லொறிக்கும் பேக்கரிக்கும் இடையில் முப்பது மாடாவது இருக்கும். ஒன்றின் முதுகைத் தட்டி, இன்னொன்றின் கொம்பை ஒதுக்கி, சந்தைச் சனத்துக்குள் போவதுபோல நடந்து மனைவியிடம் போனார். பாதி வழியில்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் போகவும் வழி இல்லை என்பதால் நடந்தே முடித்தார்.

"இஞ்சேருங்கோ" என்றார் ஞானமலர், வாயைப் பொத்திக்கொண்டு. "நீங்கள் மாட்டுக்குள்ளாலயோ வந்தனீங்கள்?"

"வந்தனான்தான். எப்பிடி எண்டு கேளாதை."

"அப்பா, திஸ் இஸ் ஸோ எம்பரஸிங்" என்றாள் லிண்டா. ஆனால் கைப்பேசியில் படம் எடுப்பதை அவள் நிறுத்தவில்லை.

பேக்கரிக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம். அங்கிருந்தவர்கள் சக்கரக் கதிரைகளில் வேலியோரம் வந்து குந்தியிருந்தார்கள். ஒரு கிழவியின் வைக்கோல் தொப்பியை மாடொன்று இழுத்துத் தின்னத் தொடங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் கதிரை சாய்ந்தது. ஞானமலர் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் போர்வை, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றவருக்குத் துணை. மாடுகள் எழும்ப மத்தியானமாகிவிட்டது. அதற்குள் இல்லத்தின் பொறுப்பாளர் ஞானமலர் எங்கே வேலை செய்கிறார், இங்கே வருவாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அந்த வேலியோரத்தில் ஒரு தொண்ணூறு வயதுக்காரர் சொன்னதை ஞானமலர் அன்று மாலை பொனிபஸிடம் சொன்னார். "தான் சின்னப்பெடியனாய் இருக்கேக்க மாடு இப்பிடித்தான் நிக்குமாம். இதே மாதிரி, ஒண்டும் செய்யேலாதாம். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க அதுதான் சாட்டாம். மனிசன் அழுதுகொண்டே சிரிச்சவர்."

டோரீனுக்கும் அது பழைய யாரகலாகத்தான் தெரிந்தது. நகரசபை பூஞ்செடிக்காகக் கோபித்துக் கடிதம் எழுதியபோது, "வரலாற்றைக் காட்டச் சொன்னீர்கள், காட்டினோம்" என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

யாரகல் முதியோர் இல்லத்து வேலைக்கு ஞானமலர் உடனே சம்மதிக்கவில்லை. மல்கிரேவ் வேலை, ரோவில் கோயில், லிண்டாவின் சிநேகிதிகள் என்று பல மாதம் இழுபட்டது. கடைசியில் லிண்டாதான் முடிவு செய்தாள். மாடு தொப்பி தின்றதை அவள் எடுத்துப் போட்ட படத்தை இணையத்தில் லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். யாரகல் பள்ளிக்கூடத்தில் அவள் சேருமுன்பே எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. "ஐ டோன்ட் மைண்ட், அம்மா" என்றாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள்.

மழை வந்தது. மந்தை பண்ணைக்குத் திரும்பியது. பிலோமினா முதுமையில் மிக்கின் தங்கை வீட்டுப் புல்வெளிக்கு ஓய்வெடுக்கப் போனது. நிரந்தர விசாவும் காலம் தாழ்த்தி வந்தது. அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில், லிண்டா படிக்க மெல்பேர்னுக்குப் போனாள். பெற்றவர்கள் போகவில்லை. மாதம் ஒருமுறை மீன் வாங்க மட்டும் போய் வருகிறார்கள். போகும்போது ரோவிலில் தெரிந்தவர்கள் "அந்தப் பொட்டல் வெளியில என்ன அங்கிள் இருக்கு?" என்று கேட்டால் பொனிபஸ் விளக்கம் சொல்லப் போவதில்லை. "வந்து பாருங்கோ, சாப்பிட்டுப் போகலாம்" என்பார்.

இந்த வருடம் மறுபடி மழை குறைவு. போன கிழமை, மந்தைக்குச் சமைக்க வரமுடியுமா என்று கேட்டு மிக் ரெலிபோன் எடுத்தான். பொனிபஸ் மறுமொழி சொல்லுமுன்பே ஞானமலர் கைப்பேசியை வாங்கினார்.

"இந்த முறை நானும் வாறன், மிக். ஆறு கிழமை லீவு இருக்கு. ஆனால் கறித்தூளை நான்தான் போடுவன். இவர் போடுறது உறைப்பு காணாது."

பொனிபஸ் லொறியில் மனைவி இருக்கப்போகும் முன் சீற்றுக்கு ஒரு மெத்தை தேடி வெளியே போனார்.