உறைக்குள் எரிந்த விளக்கு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும் எங்கள் தெருவில் வண்டிகள் உறும ஆரம்பிக்கும். பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்கு கார் உண்டு. ஏழு காருக்கும் சொந்தக்காரர்கள் அரபு நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் லீவில் வரும் வரைக்கும் கார்கள் வெள்ளி நிற உறையைப் போர்த்திக்கொண்டு காம்பவுண்டுக்குள் நிற்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டிலிருப்பவர்கள் உறையைச் சுருட்டி வைத்துவிட்டு, சாவியைத் திருகி, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட வேண்டும். பேட்டரி இறங்காமல் இருக்க அதுதான் வழி என்று ஏழு பேரும் போனில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பத்து நிமிஷம் தெரு முழுக்க ஒரே உறுமல். ஒரு சக்கரம்கூட நகராது. வெளியூர்க்காரர் யாராவது அந்த நேரத்தில் தெருவுக்குள் வந்தால் திரும்பிப் போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் ஒரு படி மேல். வீடியோ கால் போட்டு, போனை பானெட் பக்கம் பிடிக்கச் சொல்லி, எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். குவைத்தில் ஒரே அறையில் எட்டுப் பேரில் ஒருவராக இருக்கும் மனுஷனுக்கு அந்தச் சத்தத்தில் என்ன கேட்டதோ, முகம் அப்படி மலரும். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும். பெண்டாட்டி முகத்தை இரண்டு நிமிஷம், வண்டியின் முகத்தை எட்டு நிமிஷம் பார்க்கிற ஆளை என்ன சொல்ல.

வண்டி பழசு. டீசல். மூன்றாவது கையாக வாங்கினோம். பள்ளிக்கூடத்துக்கு நான் ஸ்கூட்டரில் போய்விடுவேன். லைசென்ஸ் இருந்தாலும் காரை வெளியே எடுக்கிற வழக்கம் இல்லை. வீட்டில் நானும் மாமா மாமியும்தான். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அத்தா, தகப்பனார்.

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை நனைந்துவிட்டது. நானும் மாமியும் அவரைத் தாங்கிக் கொண்டுபோய் காரின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். நான் சாவியைத் திருகினேன். டிக் டிக் என்றது. மறுபடி திருகினேன். அதே டிக் டிக். முந்தின நாள்தான் பத்து நிமிஷம் ஓடவிட்டிருந்தேன். எத்தனை தடவை திருகினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. ஆட்டோ வந்தது. மாமாவைத் தூக்கி ஏற்றும்போது டிரைவர், "பேட்டரி இறங்கிருச்சு, எதையோ ஆன்ல விட்டுட்டீங்க" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரத்தில், ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டும்போது மாமாவின் கை மாமியின் மடியிலிருந்து நழுவியது.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம் அது. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதும் இல்லை. என்னோடு மட்டும் ஒரே வீட்டில் இருந்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு போதுமா என்று கேட்டால் தட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். என்னால்தான் மாமா செத்தார் என்று மாமி நினைக்கிறார், அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்தின நாள் எதை ஆனில் விட்டேன் என்று தலையைக் குடைந்துகொண்டே இருந்தேன்.

இருபது நாள் கழித்து வீட்டுக்காரர் புது பேட்டரி வாங்கிப் போடச் சொன்னார். மாமிக்கும் சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கிறது. அடுத்த தடவை சாவியைத் திருகும்போது வண்டி கிளம்பியே ஆக வேண்டும். எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. அறந்தாங்கியில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பல வருஷம் துபாயில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். எது நல்ல பேட்டரி என்று நான் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். வண்டி பெட்ரோலா டீசலா, எந்த வருஷத்து வண்டி, பேட்டரி உட்காரும் தட்டு எவ்வளவு நீளம், பிளஸ் எந்தப் பக்கம், வாரத்தில் எவ்வளவு தூரம் ஓடும். கடைசிக் கேள்விக்கு, ஓடாது, பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறுமும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டார்ட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து போன கரண்ட், சும்மா நிற்கிற பத்து நிமிஷத்தில் திரும்ப ஏறாது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும், அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார்.  வாரம் தவறாமல் நான் செய்த காரியம் அதுதானே.

பழைய பேட்டரியை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது சின்ன பெட்ரோல் வண்டிக்கு உள்ளது. டீசல் இஞ்சினத் திருப்புறதுக்கு இது பத்தாது. புதுசுல சமாளிக்கும், கொஞ்சம் இறங்குனாலும் கையை விரிச்சிரும். யாரு போட்டது?"

போன லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர்தான் போட்டார். தட்டில் சரியாக உட்கார்ந்தது, விலையும் குறைவு என்று பெருமையாகச் சொன்னார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்த முதல் பொய் அதுதான்.

அன்று சாயங்காலம் கடைக்காரரே தன் வீட்டுக்குப் போகிற வழியில் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். மாமி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைக்காரர் முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றினார், பிறகு சிவப்பு. பெட்டியில் அச்சடித்திருந்த மாதத்தை எனக்குக் காட்டினார். கடையிலேயே ஆறு மாதம் தூங்கிய பேட்டரியைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டாம். உப்புக்காற்றுக்கு வாஸ்லின் தடவினார். ஒரே திருகலில் வண்டி கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உறையைப் போர்த்தி, சாவியை வாசல் ஆணியில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உறைக்குள் வெளிச்சம் இருந்தது. வாசல் லைட் போடுவதற்கு முன்பு முற்றம் மங்கிக் கிடக்குமே, அந்த நேரம். வெள்ளி உறைக்குள்ளிருந்து மஞ்சளாக, லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. உறை மட்டும் மெதுவாக உப்பி, மெதுவாக அமுங்கியது. மறுபடி உப்பியது. நான் வாசல் லைட்டைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. கண்ணில் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் அதே நேரம் இருந்தது. அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கொஞ்சம் மங்கிச் சிவந்துகொண்டே வந்தது. எனக்குக் கிட்டப் போகத் தைரியமில்லை. மாமியிடம் சொல்லலாம் என்றால் அஸருக்குப் பிறகு அறையைச் சாத்திக்கொண்டு ஓத உட்கார்ந்துவிடுவார். அதுவுமில்லாமல் என்னவென்று சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் காருக்குள் மூச்சு விடுகிறார் என்றா?

ஒன்பதாம் நாள் மத்தியானம், நல்ல வெயிலில், பிஸ்மி சொல்லி உறையை எடுத்தேன். கதவைத் திறந்ததும் மாமாவின் அத்தர் வாசம். அவரைப் படுக்க வைத்த பின் சீட்டில் ஓரமாக ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் அவர் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி கிடந்தது. மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று அதை நானே என் கையால் பீரோவில் வைத்தேன். முன் சீட்டில் எப்படியோ உட்கார்ந்து சாவியைத் திருகினேன். டிக் டிக் என்றது. அந்தச் சத்தம் கேட்டதும் இறங்கி வீட்டுக்குள் ஓடிவிட்டேன். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பு பட்டதில்லை.

கடைக்காரர் திரும்ப வந்தார். மாமி மறுபடியும் உள் அறைக்குப் போனார். பேட்டரியில் குறை இல்லை, யாரோ உறிஞ்சியிருக்கிறார்கள் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வண்டியை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். கதவெல்லாம் சாத்தியிருந்தால் கரண்ட் எங்கும் போகவில்லை. சுவரை ஒட்டிய பக்கம் இருக்கும் பின்கதவு மட்டும் அரைகுறையாகச் சாத்தியிருந்ததால் உள்விளக்கு ராப்பகலாக எரிந்திருக்கிறது என்றார். வீட்டில் யார் கதவைத் திறக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்று சொல்லும்போதே என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி, இரண்டாம் நாள் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளிச்சம் வந்தது. புது சார்ஜ் அல்லவா, பளிச்சென்று வந்தது. உறை உப்பி அமுங்கியது. மனப்பாடமான குர்ஆன் ஆயத்துகளை எல்லாம் ஓதிக்கொண்டே முற்றத்தைக் கடந்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் புகுந்து, உறையைத் தூக்கினேன்.

பின் சீட்டில் மாமி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தஸ்பீஹ், இன்னொரு கையில் விசிறி. கதவு நாலு விரல் திறந்திருந்தது.

"கதவ நல்லாச் சாத்துனா மூச்சு முட்டுதும்மா," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் குலை நடுங்கியதெல்லாம் கோபமாகத் திரண்டது. ஆனால் மாமி, மாமா செத்த பிறகு முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"இங்கிட்டு வந்து ஒக்காரு. ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தேன். இத்தாவில் வெளியே போகக் கூடாது, ஆனால் வண்டி காம்பவுண்டுக்குள்தானே நிற்கிறது என்று அவர் அறையிலிருந்து பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தாராம். நான் கேட்கக் கூடாது என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்தியிருக்கிறார். அது முழுசாகச் சாத்தவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, விசிறியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கி மத்தியானம் கரண்டு இல்ல. நீ ஒறங்கிக்கிட்டு இருந்தே. புழுக்கம் தாங்கலன்னு ஒங்க மாமா இதுக்குள்ள வந்து ஒக்காந்தாஹ. சாவிய எடுத்துக் குடுத்தது நாந்தான். இஞ்சின் ஓடல, ஃபேன மட்டும் போட்டுக்கிட்டு, ரேடியோ கேட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் இருந்தோம். அது பேட்டரியத் திங்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ஆட்டோக்காரவுஹ எதையோ ஆன்ல விட்டுட்டீங்கன்னு சொன்னாஹள்ல, அப்பத்தான் வெளங்குச்சு. அதுக்குப் பொறவு ஒன் மொகத்தப் பாக்க எனக்குப் பயம்."

நான் மாமியின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். பத்து நிமிஷ உறுமலால் நானும்தான் பேட்டரியை இறக்கினேன் என்று சொன்னேன். மாமி என் தலையைத் தடவிக்கொண்டே, ரெண்டு பேரும் சேந்துதான் என்றார். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். எட்டுப் பேர் தூங்கும் அறையில், தகப்பனைத் தானே கொன்றோம் என்று ஒருவன் முழித்துக்கொண்டு படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பேட்டரி அதே சைஸ்தானே என்று வீட்டுக்காரர் போனில் கேட்டபோதும், கடைக்காரர் சொன்னதை வாங்கினேன் என்றேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மிச்ச இத்தா நாட்களில் அந்தி நேரம் நாங்கள் இரண்டு பேருமே காருக்குள் உட்கார்ந்தோம். ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கதவை இறுக்கிச் சாத்தினோம். வெள்ளிக்கிழமைகளில் நான் மட்டும் வண்டியை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓட்டினேன்.

இத்தா முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, மாமியும் வருகிறேன் என்றார். முன் சீட்டில் உட்காரச் சொன்னதற்குக் கேட்கவில்லை. பின்னால் அதே ஓரத்தில் உட்கார்ந்தார். மற்ற ஆறு வண்டிகளும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்க, நடுவில் எங்கள் வண்டி நகர்ந்து போனதைத் தெருவே பார்த்தது. சாலையில் ஏறியதும், எங்கே போவது என்று கேட்டேன். ஆஸ்பத்திரி ரோடு என்றார். மாமாவின் கை நழுவிய அந்தப் பாலத்துக்குப் பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அமத்து."

வேண்டாம் மாமி என்றேன்.  இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

"அமத்தும்மா. திரும்பக் கெளம்புதான்னு பாக்கணும்."

சாவியைத் திருப்பினேன். எல்லாச் சத்தமும் அடங்கியது. மாமி சாலையோரப் பக்கத்துப் பின்கதவைத் திறந்தார். இறங்கவில்லை. உள்விளக்கு எரிந்தது. மறுபக்கத்து ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் ஏறி உட்கார இடம் விட்டு, திறந்த கதவைப் பார்த்தபடியே இருந்தார்.  கண்ணாடியில் பின்னால் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் எட்டிக் கதவை ஓங்கிச் சாத்தினார். விளக்கு அணைந்தது.

சாவியைத் திருகினேன். ஒரே திருகலில் வண்டி கிளம்பியது.

மாமி கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாச் சாத்திருக்கு. இப்பப் போ," என்றார்.