நான்கு சாம்பல் கிளிகளும் அக்காவின் இருமலும்

என் அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். முன்னால் நின்று வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்து, பொருத்தி, ஆடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பது இவள் வேலை. ஒரு முடியளவு கூடினால் லென்ஸ் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். வீட்டிலும் அதே கணக்குதான். நான் மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அவளை யாரும் ஏமாற்றிவிட முடியாது. ஆனால் அவள் என்னை எட்டு மாதம் ஏமாற்றினாள், அதுவும் நான்கு கிளிகளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

அவள் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள், நான் செய்துகொண்டு திரும்பி வந்தவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, லிஃப்ட் கிடையாது. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஒரு மணிக்குப் பூட்டி ஐந்தரைக்குத் திறப்பார்கள், அதனால் மதியம் வீட்டில் இருப்பேன். நானும் கிளிகளும்.

முதல் கிளியை ஒரு வாடிக்கையாளர் கொடுத்தார். வெளிநாடு போகிறாராம், இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒன்பது வருடம் ஆயிற்று, ஆளைக் காணோம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. வால் மட்டும் சிவப்பு. கைகளைப் பின்னால் கட்டியதுபோல் மேசையில் நடந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும் என்பதால் மேனேஜர் என்று பெயர் வைத்தோம். அக்கா ஒன்றை வைத்திருக்கிறாள் என்ற செய்தி பரவியதும் பேச வேண்டுமென்று ஆசைப்பட்டு வாங்கி, பேச ஆரம்பித்ததும் தாங்க முடியாதவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வந்தார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிற வக்கீல் அப்படி வந்ததுதான். என் விரலில் இருக்கும் மூன்று தழும்பும் அது போட்ட கையெழுத்து. அடுத்து ஊமையன். வந்து நான்கு வருடத்தில் வாயே திறந்ததில்லை. கடைசியாகப் போன வருடம் குட்டி.

இந்த ஜாதிக் கிளிக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் பவுடர். இறகை ஒருமுறை உதறினால் ஜன்னல் வெளிச்சத்தில் மாவு பறப்பது தெரியும். காலையில் துடைத்த டீவி சாயங்காலம் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்கு வந்துவிடும். நான் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன். அக்கா அதுகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். சாயங்காலம் கதவைத் திறந்து பையைக் கீழே வைத்ததும் “வந்துட்டேன்டா கண்ணுங்களா!” என்பாள். எதிரே டீ தம்ளரோடு நிற்கிற என்னைத் தாண்டிக்கொண்டு போய்க் கூண்டின் முன்னால் நிற்பாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவை கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் என்பதால், எங்கள் வீட்டில் காதால் கேட்டதை யாரும் நம்பமாட்டோம். போன் அடித்தால் மூன்றாவது மணிவரை அசையமாட்டோம். அழைப்பு மணிக்கு எழுந்திருக்கமாட்டோம், வந்தவர் கதவைத் தட்ட வேண்டும். குக்கர் விசில் வந்தால் அடுப்பு எரிகிறதா என்று முதலில் பார்ப்போம். இருமல் சத்தம் வந்தால் “மேனேஜர், வாயை மூடு!” என்று கத்துவேன்.

இருமலை மேனேஜர் எங்கே கற்றது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வறட்டு இருமல், நாலைந்து தடவை தொடர்ந்து, கடைசியில் ஒரு இழுப்பு. மேனேஜர் அக்காவின் பின்னாலேயே அவள் அறைக்குள் நடந்து போகும். ஒருநாள் அங்கிருந்து அது வந்தபோது, “அக்கா, உனக்கா இருமல்?” என்று கேட்டேன். “நான் இல்லடி, மேனேஜர்தான்” என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்டபோதெல்லாம் அதே பதில்தான். நானும் மேனேஜரைத் திட்டிக்கொண்டே எட்டு மாதம் ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூண்டுகளைக் கழுவப் போட்டிருந்தேன். அக்கா அறையில் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான்கு கிளிகளையும் சமையலறைக்குக் கொண்டுவந்து குச்சியில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு காரட் துண்டு கொடுத்தேன். அறையிலிருந்து இருமல் வந்தது.

“மேனேஜர், வாயை மூடு!” என்றேன், பழக்கதோஷத்தில்.

மேனேஜர் என் எதிரில் இருந்தது. வாயில் காரட். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வக்கீல், ஊமையன், குட்டி மூன்றும் தின்றுகொண்டிருந்தன. உள்ளே இருமல் நிற்கவில்லை. ஐந்து, ஆறு, பிறகு அந்த இழுப்பு. அதற்குப் பிறகு அக்காவின் குரல், களைத்துப்போய்: “நான் இல்லடி... மேனேஜர்தான்.”

போய்க் கதவைத் தள்ளினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“மேனேஜர் சமையலறையில இருக்கு அக்கா” என்றேன். “நாலும் அங்கதான் இருக்கு.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் அவளை நுரையீரல் டாக்டரிடம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன், ரத்தம், குழாயில் ஊதுவது எல்லாம் ஆனது. லென்ஸ் தூசியாகத்தான் இருக்குமென்று அக்கா அடித்துச் சொன்னாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்டுல பறவை இருக்கா?” என்றார்.

“ஒண்ணு ரெண்டு இருக்கு” என்றாள் அக்கா.

“நாலு” என்றேன் நான்.

அந்தப் பவுடர் சிலருடைய நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் டாக்டரம்மா. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பிடித்துக்கொள்ளுமாம். அக்காவின் நுரையீரலில் வீக்கம் ஒரு பக்கம், தழும்பு ஒரு பக்கம். “வீக்கம் வத்திடும். தழும்பானது ஆனதுதான், இனி சரியாகாது. மாத்திரை தரேன், ஆனா பறவை வீட்டுல இருக்கிற வரைக்கும் மாத்திரையால பெரிசா ஒண்ணும் ஆகாது. அஞ்சு வாரம் கழிச்சு மறுபடி ஊதிப் பார்க்கலாம். அதுக்குள்ள பறவைங்க வெளிய போகணும். இல்லேன்னா அடுத்த வருஷம் நீங்க ஆக்ஸிஜன் சிலிண்டரோடதான் நடக்கணும்.”

“சரிங்க டாக்டர்” என்றாள் அக்கா. படி இறங்கும்போதே, “மிஷின் தப்பாக் காட்டும்டி. நம்ம கடை மிஷின் எத்தனை தடவை பவரைத் தப்பாக் காட்டியிருக்கு, எனக்குத் தெரியாதா?” என்றாள்.

முதல் வாரம் ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். இரண்டாம் வாரம் முகக்கவசம் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு முறை தரையைத் துடைத்தாள். துடைத்ததில் மூச்சு வாங்கியது. நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் படுத்தேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ஒருதடவை கைவிட்டுட்டுப் போனவங்ககிட்டேருந்து வந்ததுங்க. இன்னொரு தடவை நானும் கைவிட்டா இறகைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டே செத்துடும். அது உனக்குப் புரியாது.”

“நீ செத்தா எனக்கு யாரு அக்கா?” என்று கேட்டேன். முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைத் துடைக்கப் போனாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைக் கிளிகளிடம் சொன்னோம். “வக்கீல், மாத்திரை போட்டாச்சான்னு அவளைக் கேளு.” “வக்கீல், போட்டாச்சுன்னு சொல்லு.” வக்கீல் இருவரையும் பார்த்து, “முடியாது போ” என்றது.

மூன்றாம் வாரம் கடையில் ஒரு ஃபிரேமை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி அவளை ஆட்டோவில் அனுப்பிவைத்து ஒரு வாரம் லீவு கொடுத்தார். மறுபடி ஊத இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஆளைக்கூட விசாரித்தேன். செய்திருந்தால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். அதற்கும் பயம்.

லீவின் முதல் நாள் மதியம். அக்கா கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். நாலு மணி ஆயிற்று.

நாலு மணிக்குக் கிளிகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், தினமும் கேட்கிறேன். அக்கா நாலரைக்கு வருவாள். அவளை எதிர்பார்த்து, அவள் வருவதை அவையே நடத்திப் பார்த்துக்கொள்ளும். அவள் வந்ததும் நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் அவள் சந்தையில் இருப்பாள். அதனால் அந்தச் சத்தத்தை வீட்டில் அவள் ஒருத்திதான் கேட்டதே இல்லை.

அவள் எதிரிலேயே இருந்தும், மணிப் பழக்கத்தில் மேனேஜர் ஆரம்பித்தது. பூட்டு இரண்டு முறை, டக், டக். பை கீழே விழும் தொப். உடனே அக்காவின் குரல், கணீரென்று: “வந்துட்டேன்டா கண்ணுங்களா!”

அக்கா சிரித்தாள். “அடப்பாவி, அப்படியே நானாடா!”

அடுத்தது குட்டி. டக், டக். தொப். பிறகு மூச்சு. உள்ளே இழுப்பதில் ஒரு விசில், வெளியே விடுவதில் ஒரு கரகரப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் சின்ன இருமல். ஏழு, எட்டு. பதினோராவது மூச்சுக்குப் பிறகுதான் குரல் வந்தது, துண்டு துண்டாக: “வந்து... ட்டேன்டா...” அதோடு நின்றுவிட்டது. கண்ணுங்களா என்பது இல்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது. “என்னடி இது? யாரு இது?”

பத்து நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினாள். நான் கதவோரம் வந்து நின்றேன்.

“நீதான்” என்றேன்.

“நான் இப்படியா...”

“மேனேஜர் உன்னை ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி கத்துக்கிச்சு. குட்டி இந்த வருஷம் கத்துக்கிச்சு.”

குட்டி மறுபடி ஆரம்பித்தது. அக்கா விரலை மடக்கி எண்ணினாள். அந்தப் பதினொன்றையும் கேட்க எனக்கு முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாதக்கணக்கில் தினமும் அதைக் கேட்டுவிட்டு, குட்டி ஏதோ பிரஷர் குக்கர் சத்தம் போடுகிறது என்று பாத்திரம் கழுவியவள் நான்.

அடுத்த நாளும் நாலு மணிக்கு நாற்காலியை இழுத்துக் கூண்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும். மேனேஜர், பிறகு குட்டி. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடுகிற அதே முகம். மூன்றாம் நாள் குட்டி முடித்ததும், “மிஷின் தப்பாக் காட்டும். இதுங்களுக்குக் கேக்காததைச் சொல்லத் தெரியாது” என்றாள். பிறகு, “போன் பண்ணுடி. நாலையும் ஒண்ணா வெச்சுக்கிறவங்களா இருக்கணும். பிரிக்கக் கூடாது” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும்தான்.

பறவை டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அம்மா ஒருவர் ஊருக்கு வெளியே பெரிய வலைக்கொட்டகை போட்டுப் பறவைகளை வைத்திருந்தார். நான்கையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். சனிக்கிழமை காலை வேன் கொண்டுவந்தார். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: வக்கீலுக்கு ஆப்பிள் தோல் சீவ வேண்டும், ஊமையனை இடி இடித்தால் போர்த்த வேண்டும், குட்டிக்கு இருட்டில் பயம், மேனேஜரிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்தால் கடிக்காது. முகக்கவசம் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கூண்டுக்குள் கைவிடக் கூடாதென்று நான் கண்கொத்திப் பாம்பாக நின்றேன். கம்பிக்கு வெளியே நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வக்கீல்கூட எதிர்த்துப் பேசவில்லை.

அந்த அம்மா பின்கதவைச் சாத்திப் பூட்டினார். டக், டக். உள்ளே தரையில் ஏதோ பை சரிந்து விழுந்தது.

மேனேஜர் உள்ளிருந்து கணீரென்று சொன்னது: “வந்துட்டேன்டா கண்ணுங்களா!”

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேன் போய்விட்டது.

பறவை போனாலும் பவுடர் போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்காவை அவளோடு வேலை செய்யும் பெண் வீட்டுக்குப் பத்து நாள் அனுப்பினேன். மெத்தை, திரைச்சீலை, தலையணை எல்லாவற்றையும் தூக்கிப்போட்டேன். சுவர்களை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். டீவிக்குப் பின்னால் ஒரு சிவப்பு வாலிறகு கிடைத்தது. அதைப் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டி, அவளுக்குத் தெரியாமல் என் பீரோவில் வைத்தேன். நாலு மணி ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடம் இந்த அமைதிக்குத்தானே ஏங்கினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள், குழாயில் ஊதிக் காட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டு, டக், டக். பை, தொப். அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு. விசில் இருந்தது, ஆனால் மெலிதாக. மூன்று, நாலு, ஐந்து. அதோடு மூச்சு சமமாகிவிட்டது. ஐந்துதான்.

பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கூண்டுகள் இருந்த சுவரைப் பார்த்தபடி நின்றாள். சொல்வதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுபோயிருந்தாள் என்று தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் டீ தம்ளரோடு போய் எதிரே நின்றேன்.

என்னைப் பார்த்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“வந்துட்டேன்டி” என்றாள்.

ஒன்பது வருடத்தில் அதை அவள் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.