தண்ணி வண்டியின் பைன் கன்றுகள்

என் அண்ணனுக்குத் தெருவில் 'தண்ணி வண்டி' என்று பெயர். தப்பாக நினைக்க வேண்டாம், மனுஷன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அணைக்க ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வேலையெல்லாம் அண்ணிக்குத்தான். மொட்டைமாடியில் பைன் மரங்களை விதை போட்டு வளர்க்கிறார். சிலது தொட்டியில் குட்டையாக நிற்கும் போன்சாய்க்கு, சிலது பெரிய தோட்டங்களுக்கு. ஈர மணலில் புதைத்த விதைகள் ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். குளிர்பட்டால்தான் அவற்றுக்கு முளைக்க மனசு வருமாம். அண்ணன் உதவிக்குப் போனால், "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பிரியமாகத்தான் சொல்வார். அந்தப் பிரியம் அண்ணனை எப்படிச் சுட்டது என்று கூடப் பிறந்த எனக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அண்ணி போட்ட விதை ஒன்று பெரிய மரமாகிக் காய்த்தது. அதை ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கிரேன் வைத்துத் தூக்கிப் போனார்கள். அங்கே போனது பிழைக்கவில்லை. மரத்தின் வாரிசு என்று மிஞ்சியது, அதன் விதையில் முளைத்திருந்த மூன்று தட்டு நாற்றுகள்தான்.

அந்த நேரம் பார்த்து வெளியூரில் மகளுக்குப் பிரசவம். அண்ணி ஊருக்குப் போனால் மாடியை நான்தான் பார்த்துக்கொள்வேன். எனக்கோ கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் அண்ணனிடம் ஒப்படைத்தார்.

"மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. சரியா?"

"சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே" என்றார் அண்ணன். முகமெல்லாம் பூரிப்பு.

தட்டில் மேலே தூவியிருக்கும் பொடிக்கல் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். அண்ணன் மேலே மட்டும் பார்த்தார். காய்ந்ததைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? காலை, மதியம், சாயங்காலம் என்று ஊற்றித் தள்ளிவிட்டார். நான் நொண்டிக்கொண்டு மாடியேறியபோது நாற்றுகள் அடித்தண்டு கறுத்து, கழுத்தொடிந்து படுத்திருந்தன.

"எத்தனையோ வீட்டைக் காப்பாத்தினேன். இத முழுகடிச்சிட்டேனே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வாங்கு வாங்கியிருப்பேன். அவர் குரலைக் கேட்டு அடங்கிவிட்டேன்.

பேரன் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தகவல் சொன்னதும் அண்ணி அடித்துப் பிடித்து வந்தார். தட்டுகளைப் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்தார். போன்சாய்க்கு எப்போதுமே இளநாற்றின் வேரை அறுத்துவிட்டு, தண்டை மணலில் நட்டுப் புதிதாக வேர் விட வைப்பார். அப்போதுதான் வேர் நாலு பக்கமும் பரவும்.

"அழுகலுக்கு மேல வெட்டி நட்டா, பொழைக்கறது பொழைக்கட்டும்" என்றவர் பிளேடைக் கீழே வைத்தார். "என்னால முடியலைங்க. இதுல கத்தி வைக்க மனசு வரல. நீங்க வெட்டுங்க."

அண்ணன் வெட்டினார். எரிகிற கட்டடத்தில் ஏணி போட்ட கை, கொஞ்சமும் ஆடவில்லை. அண்ணி ஒவ்வொன்றாக வாங்கி, வேர் பிடிக்க வைக்கும் பொடியில் தோய்த்து மணலில் நட்டார்.

பைன் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் உயிரோடு இருப்பதும் போய்விடும். எனவே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் தினமும் தட்டுகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பார்த்த உத்தியோகத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது. பாவமாக இருந்தது.

பெரும்பாலானவை பழுத்துப் போயின. ஒரு கைப்பிடி மட்டும் நடுவில் புது ஊசியிலை விட்டன. அண்ணி அதைப் பார்த்து வாய்விட்டு அழுதார்.

பேரனைப் பார்க்க அண்ணி மறுபடி கிளம்பினார். எனக்குக் கால் சரியாகியிருந்தது. "நிம்மதியா போய்ட்டு வாங்க அண்ணி, மாடிய நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ எதுக்கு அலையற?" என்றார் அண்ணி, செருப்பை மாட்டியபடி. "அவர்தான் இருக்காரே."

அண்ணன் அவசரமாகக் குனிந்து பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஆட்டோ வந்து நின்றும் நிமிரவில்லை.